போக வண்டி உண்டு, திரும்ப?

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் கண். வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம்.

என் வண்டி போன கதை உனக்குத் தெரியாது. தை மாசம் களத்துமேட்டுத் திருப்பத்தில் எக்ஸ்எல்லோடு சாய்ந்தேன். முட்டியில் சிராய்ப்புதான். கோயம்புத்தூரிலிருந்து ஓடி வந்த மகன் சாவியை எடுத்துப் பையில் போட்டான், மறுவாரமே வண்டியை விற்றும்விட்டான். இருபத்திரண்டு வருஷம் உரமூட்டை சுமந்த வண்டிடா. இப்போது எனக்கு டவுன் பஸ்தான் கதி.

ஊருக்குள் வருவது மூன்று நடை: காலை ஏழேகால், பகல் ஒன்றரை, ராத்திரி ஏழரை. இடையில் வேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். ரோட்டை அகலமாக்கினபோது புளியமரங்களும் போய்விட்டன, ஒதுங்க நிழல் கிடையாது.

பி.பி., சர்க்கரை மாத்திரைக்குக் குறையில்லை. 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறது. ஆனால் கண் டாக்டர் வீட்டுக்கு வருவாரா? ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரை பார்க்க வேண்டுமென்று டவுனுக்கு வரச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. காலை வண்டியில் போய் வரிசையில் நின்று முதல் ரத்தம் கொடுக்கவே ஒன்பதரை. இட்லியைத் தின்றுவிட்டு, இரண்டாவதைக் கொடுத்து, சீட்டு வாங்கி, கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து முடிக்கையில் மணி ஒன்று. நம்மூர் வண்டி டவுனை விட்டுக் கிளம்புவது பன்னிரண்டே முக்காலுக்கு. அடுத்தது சாயங்காலம் ஆறே முக்கால்.

சொட்டு மருந்து விட்ட கண்ணுக்கு பஸ் போர்டெல்லாம் பஞ்சுப்பொதி மாதிரி இருந்தது. கூட வந்த என் வீட்டுக்காரிக்குக் கண் தெரியும், எழுத்து தெரியாது. எனக்கு எழுத்து தெரியும், அன்றைக்குக் கண் இல்லை. கடைசியில் இவள்தான் கண்ணாடியில் ஒட்டியிருந்த மாரியம்மன் படத்தை வைத்து நம்மூர் வண்டியைக் கண்டுபிடித்தாள். அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் அவளுக்கு டிக்கெட் காசு கிடையாது, எனக்கு உண்டு. அதைச் சொல்லிச் சொல்லி வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

இலவசம் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் படி? முதல் படி என் முட்டி உயரம். டிரைவர் ஓரம் கட்டாமல் நடுரோட்டில் நிறுத்தினால் இன்னும் உயரம். கீழத்தெரு அத்தை என்ன செய்கிறது தெரியுமா? ஒரு பலகை மணையில் கயிறு கட்டிக் கொண்டுவருகிறது. கீழே போட்டு, அதில் கால் வைத்து ஏறி, மேலே நின்று கயிற்றை இழுத்து மணையை எடுத்துக்கொள்கிறது. கண்டக்டர் முதலில் முறைத்தார், இப்போது விசில் அடிக்காமல் காத்திருக்கிறார். போன வாரம் அந்த மணையில் நானும் ஏறினேன்.

2025-ல் தனியார் ஓட்டும் புது மினி பஸ் திட்டம் தொடங்கியதிலிருந்து நமக்கும் ஒன்று வரும் என்று டீக்கடையில் பேச்சு. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்றான பிறகு, காசு கொடுத்து ஏற இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? தனியார் முதலாளி எத்தனை நாள் கைக்காசு போட்டு ஓட்டுவார்?

சென்னைக்கு வந்து ஒரு மாசம் இரு என்கிறாய். உனக்கென்ன, வயசானவர்களுக்கான இலவச பஸ் டோக்கன் மாசம் பத்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறாய். ரயிலில் வயசானவர்கள் என்று நமக்கு இருந்த நாற்பது சதவீதக் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. அதனால் நீயே வா. ஆபரேஷன் அடுத்த மாசம் இருக்கும் போலிருக்கிறது. பன்னிரண்டே முக்கால் வண்டியைப் பிடி. ராத்திரி வண்டி ஆள் இல்லையென்றால் மெயின் ரோட்டோடு திரும்பிவிடும். முன்படியில் ஏறாதே, பின்படி கொஞ்சம் தாழ்வு.

அன்புடன்,
உன் முத்து