கண்காணிப்புக்குக் குறைவில்லை ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளைப் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் எழுதிய தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். பெரும்பகுதியில் எனக்கு மறுப்பில்லை. ‘தட்டிக் கேட்க ஆளில்லாததே தொடக்கப் பள்ளிகளைப் பிடித்த நோய், அரசின் கண்காணிப்பு இறுக வேண்டும்’ என்ற ஒரு வரிதான் மூன்று நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியையாக இருந்து, 2023 மே மாதம் பணி நிறைவு பெற்றவள் நான். தட்டிக் கேட்க ஆளில்லாமல் ஒரு மாதம் கழிந்ததாக எனக்கு நினைவில்லை.

வட்டாரக் கல்வி அலுவலர் வருவார். வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வருவார். மாவட்டக் கல்வி அலுவலர் திடீரென்று வந்து நிற்பார். சத்துணவைப் பார்க்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார். வருகிற ஒவ்வொருவரும் பார்வைக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி எழுதிவிட்டுத்தான் போவார்கள். எழுதியதைச் சரிசெய்யும் அதிகாரம் எழுதியவருக்கு இருக்காது. ஒன்றியப் பள்ளி நிலவரம் தாங்கள் அறியாததல்ல. ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறைக்குக் கீழே, கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையின் கையில், சத்துணவு சமூக நலத் துறையின் பொறுப்பில். கழிவறை கழுவ வரும் அம்மாளின் கூலி ஊராட்சி வழியாக, மாதங்கள் தள்ளித்தான் வரும். ஆனால் கழிவறை நாறினால் ‘தலைமையாசிரியர் கவனிக்கவும்’ என்றுதான் குறிப்பு எழுதப்படும். நானும் எத்தனையோ நாள் பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய், பினாயில் ஊற்றிக் கழுவிக் கவனித்திருக்கிறேன்.

2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு பழுதான பள்ளிக் கட்டடங்களை எல்லாம் கணக்கெடுத்தார்கள். என் பள்ளியின் ஓட்டுக் கட்டடமும் பட்டியலில் வந்தது. நான்கு ஆண்டுகளாக நான் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்த கட்டடம் அது. ஓவர்சியர் வந்து பார்த்தார். அடுத்த மாதமே இடித்துவிட்டார்கள். இடித்தது சரி, மிகவும் சரி. புதுக் கட்டடம் எப்போது வரும் என்று கேட்டேன். மதிப்பீடு போட்டிருக்கிறது, நிதி வரவேண்டும் என்றார்கள். மிச்சமிருந்த ஒரே அறையில் ஒன்றும் இரண்டும் உட்கார்ந்தன. மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளைக் கோயில் திடலில் இருந்த கலையரங்க மேடைக்குக் கூட்டிப் போனோம். மூன்று பக்கமும் திறந்த மேடை அது. ஐப்பசி மழையில் சாரல் அடிக்கும்போது பிள்ளைகள் புத்தகப் பையை மடியில் வைத்து, அதன்மேல் கவிழ்ந்துகொள்வார்கள். முதுகு நனைந்தாலும் புத்தகம் நனையக் கூடாது என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களாகவே கற்றுக்கொண்டார்கள்.

அந்த நவம்பரில் ஒரு மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். மேடையைப் பார்த்தார். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், நன்றாகவே வாசித்தார்கள். போகும்போது குறிப்பேட்டில் பச்சை மையில் எழுதினார்: ‘வகுப்பறைச் சூழல் மாணவரை ஈர்ப்பதாக இல்லை. சுவரில் கற்றல் படங்கள் ஒட்டப்படவில்லை.’ சுவரே இல்லை ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிட்டார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு நடந்தது இன்னொன்று. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பதுதான் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பு என்பது அந்தக் கணக்கில் வராது. உடன் வேலை பார்த்த ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார். காலை வழிபாட்டில் இரண்டாம் வகுப்புச் சிறுமிக்கு வலிப்பு வந்துவிட்டது. மற்றவர்களைச் சத்துணவு அமைப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். திரும்பி வரப் பதினொன்றரை ஆகிவிட்டது. வருகைப் பதிவைச் செயலியில் குறித்த நேரத்துக்குள் ஏற்றவில்லை என்று மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். எதிர்காலத்தில் இதுபோல் நிகழாமல் பார்த்துக்கொள்ளுமாறு பதில் வந்தது. குழந்தை எப்படி இருக்கிறாள் என்று அந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை.

அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாரா வேலைகளை ஆசிரியருக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. பள்ளி, மாணவர் விவரங்களுக்கான ‘எமிஸ்’ இணையதளத்தில் நான் ஏற்றிய விவரங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 2018இல் மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவியை எடுத்தார்கள்; 2022இல் தொடக்கக் கல்விக்கென்று மறுபடியும் மாவட்டக் கல்வி அலுவலரைப் போட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எங்களுக்குப் புதுப் படிவங்கள் வந்தன.

தட்டிக் கேட்டு ஒரு காரியத்தை முடித்தவரை என் பணிக்காலத்தில் ஒருவரைத்தான் பார்த்தேன். பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியாக இருந்த தாய் அவர். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அன்றன்றைய கூலியை விட்டுவிட்டு எட்டு முறை வட்டார வளர்ச்சி அலுவலரின் (பிடிஓ) அலுவலகத்துக்கு நடந்தார். நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு இரண்டு வகுப்பறைகள் வந்தன. அரசுப் பணத்தில்தான் வந்தன. அதற்கு மனமார நன்றி சொல்கிறேன். ஆனால் எந்த ஆய்வுக் குறிப்பும் அவற்றைக் கொண்டுவரவில்லை. தங்கள் தலையங்கத்தில் அந்தக் குழுக்களுக்கு அரை வரிகூட இல்லையே ஐயா.

அரசிடம் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். தங்களிடம் ஒன்று கேட்கிறேன். ‘அரசுப் பள்ளியில் அதிகாரி திடீர் ஆய்வு’ என்று தங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி வருகிறது. அடுத்த முறை, பள்ளி எழுதிக் கொடுத்த கோரிக்கைகளில் எதை அவர் முடித்துக் கொடுத்தார் என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலை அதே செய்தியில் ஒரு வரி சேர்த்து எழுதும்படி தங்கள் நிருபர்களுக்குச் சொல்லுங்கள். பச்சை மையில் எழுதிய அந்தப் பக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. பள்ளியின் பெயரையும் கையெழுத்தையும் மறைத்துவிட்டு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி
(பெயர் வெளியிட வேண்டாம்)