குளோரைடு எண்ணும் கடைசிச் சொட்டும்

ஆசிரியருக்கு,

கடலூர் கடலோரத்தில் போர் தண்ணீர் கரிக்கிறது என்று ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறவர்கள், அறிக்கையில் குளோரைடு என்ற ஒரு வரியைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-இன்படி லிட்டருக்கு 250 மி.கி. வரை ஏற்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000 வரை. இந்த எண், திறன் தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாற எவ்வளவு செலவானது என்று அளக்கும் தரம்பார்த்தலில் பிறக்கிறது. அங்கே அரை மில்லி பிசகினாலும் கிணற்றின் தலையெழுத்து மாறிவிடும்.

உப்பு மிகுந்த நீரில் 5 மி.லி. மட்டும் எடுத்து, வாலை வடிநீர் சேர்த்து 50 மி.லி. ஆக்கி, முடிவை நிறத்தால் காட்ட 1 மி.லி. பொட்டாசியம் குரோமேட் கரைசல் விடுவார்கள். கரைசல் மஞ்சளாகும். பியூரெட் என்ற அளவுகோடிட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து 0.0141 நார்மல் திறனுள்ள சில்வர் நைட்ரேட் விழ விழ, அதிலுள்ள வெள்ளி குளோரைடோடு சேர்ந்து வெண்மையாகக் கலங்கும்; குளோரைடு தீர்ந்த பிறகே குரோமேட்டோடு சேர்ந்து சிவப்பு நிலைக்கும். சொட்டு விழும் இடத்தில் சிவப்புக் கீற்று தோன்றி, குடுவையைச் சுழற்றியதும் மறையும். அது மறையத் தாமதிக்கும்போதே வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். மஞ்சளில் லேசான செம்மை கலையாமல் நின்றால் அதுதான் முடிவுநிலை. "நன்றாகச் சிவக்கட்டும்" என்று செங்கல் நிறம் வரும்வரை விடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு.

கணக்கைப் பாருங்கள். இந்தக் கரைசலில் 1 மி.லி., 0.5 மி.கி. குளோரைடுக்குச் சமம். 5 மி.லி. மாதிரியில் அது லிட்டருக்கு 100 மி.கி. ஆகிறது. 9.7 மி.லி.யில் முடிய வேண்டியது 10.2 வரை போனால், 970 என்பது 1,020 ஆகிவிடும். வெறும் வடிநீரே நிறம் மாற 0.2 முதல் 0.3 மி.லி. வரை குடிக்கும். அதைக் கழிக்காவிட்டால் 20, 30 மி.கி. சும்மா ஏறும்.

மாதிரியின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7க்கும் 10க்கும் இடையே இருக்க வேண்டும். அமிலமானால் குரோமேட் டைகுரோமேட்டாக மாறி, சிவப்பு தாமதமாக வரும். காரம் மிகுந்தால் வெள்ளியே ஆக்சைடாகப் படிந்து வீணாகும். இரண்டிலும் எண் கூடும். பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி இருந்து நடுவில் வெளியேறினாலும் அப்படியே. சில்வர் நைட்ரேட்டைப் பழுப்புப் புட்டியில் வைத்து, 140 டிகிரியில் உலர்த்திய சோடியம் குளோரைடை லிட்டருக்கு 0.824 கிராம் கரைத்து, அதைக் கொண்டு திறன் சரிபார்த்திருக்க வேண்டும்.

எனவே எடுத்த மாதிரியின் அளவு, ஒத்துவந்த இரண்டு பியூரெட் அளவீடுகள், வடிநீருக்குக் கழித்த அளவு, சில்வர் நைட்ரேட்டின் திறன் சரிபார்த்த தேதி ஆகிய நான்கையும் ஆய்வகங்கள் அறிக்கையிலேயே அச்சிட வேண்டும். தண்ணீர் கொடுப்பவர்களும் இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

– வேதியியல் ஆசிரியர்கள், கடலூர்