மூலிகை விதைக்கு ஒரு முகவரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் மாவட்டத்தில் மூலிகை வளர்க்க விரும்புவோருக்கு நம்பி வாங்கத்தக்க விதை கிடைப்பதில்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். டெங்குக் காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் நிலவேம்புக் குடிநீரும், 2020இல் கபசுரக் குடிநீரும் வீடுதோறும் காய்ச்சப்பட்ட பிறகு, மாடித் தோட்டத்திலோ வயல் வரப்பிலோ நாலு மூலிகைச் செடியாவது வைக்க வேண்டும் என்ற ஆர்வம் இங்கே வெகுவாகப் பெருகியிருக்கிறது. பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால், விதை எங்கே கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தார் என்னிடம் வந்து கேட்கிறார்கள். இன்ன இடத்துக்குப் போங்கள் என்று அவர்களுக்குச் சொல்ல என்னால் முடியவில்லை.

செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடைகளில் விதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை மருந்துச் சரக்காக வந்தவை; விதைப்பதற்கென்று எடுத்தவை அல்ல. எந்தக் காட்டில், எந்த ஆண்டில் பறித்தவை என்பது கடைக்காரருக்கே தெரியாது. இடித்துச் சூரணமாக்கப் போதுமான அந்த விதை, பாத்தியில் தூவினால் பெரும்பாலும் முளைப்பதில்லை. இணையவழியில் விற்கப்படும் பொட்டலங்களோ இன்னும் கவலை தருகின்றன. கீழாநெல்லி என்று அச்சிட்ட ஒரு பொட்டலத்தை அண்மையில் அண்டை வீட்டுக்காரர் என்னிடம் காட்டினார். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, உண்மையான கீழாநெல்லி விதையில் நீளவாக்கில் ஓட வேண்டிய மெல்லிய வரிகள், அதில் குறுக்குவாக்கில் ஓடின. முளைத்து வந்த செடிகளின் காய்களும் வழவழப்பாக இல்லாமல் சொரசொரப்பாகவே இருந்தன. அது பில்லாந்தஸ் அமரஸ் என்னும் கீழாநெல்லி அல்ல. அதற்கு உறவான பில்லாந்தஸ் யூரினேரியா. மஞ்சள் காமாலைக்கு ஆகும் என்று நம்பி ஒருவர் வளர்த்த செடி, அவர் நினைத்த செடியே இல்லை.

இத்தகைய தவறுகளை விதை பொட்டலத்துக்குள் போன பிறகு கண்டுபிடிப்பது அரிது. வயிற்றுக்கடுப்புக்கும் சீதபேதிக்கும் சித்த மருத்துவத்தில் பயன்படும் குடசப்பாலை விதையை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பதிலாக வெட்பாலை விதை கைமாறுவது மூலிகை வணிகத்தில் பழைய சங்கதி. மரத்தடியில் நிற்பவருக்கு இதில் குழப்பமே வராது: வெட்பாலையின் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கும், குடசப்பாலையின் காய்கள் தனித்தனியே தொங்கும். பஞ்சை நீக்கிக் காயவைத்து மூட்டை கட்டிவிட்டால், மென்று பார்த்துக் கசப்பை வைத்துத்தான் அடையாளம் சொல்ல வேண்டும். ஆகவே விதையின் அடையாளம் மரத்தடியிலேயே, பறிக்கும் கையாலேயே எழுதப்பட வேண்டும். கடையில் ஒட்டும் சீட்டு அதற்கு ஈடாகாது.

இனி நிலவேம்பு. சேர்வராயன் மலையடிவாரப் புதர்க்காடுகளில் தானாக வளரும் இந்தச் செடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விதைத் தட்டுப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. செடி பூக்கத் தொடங்கும் பருவத்தில்தான் அதன் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராபோலைடு மிகுந்திருக்கும். எனவே மருந்துக்காகச் சேகரிப்பவர்கள் அந்தப் பருவத்தில் செடியை வேரோடு பிடுங்கிவிடுகிறார்கள். காய் பிடித்து, முற்றி, விதை மண்ணில் விழ இன்னும் பல வாரங்கள் ஆக வேண்டியிருக்க, அந்த இடத்தில் விதை கொடுக்க ஒரு செடிகூட எஞ்சுவதில்லை. நல்ல மருந்துக்கு ஏற்ற அறுவடை, விதைக்குக் கேடான அறுவடையாக அமைந்துவிடுகிறது. இதைச் சாகுபடி செய்யும் விவசாயிக்கும் இதே நெருக்கடிதான். விதைக்கென்று ஒரு பாத்தியை அறுக்காமல் விட்டால் அந்தப் பாத்தியின் மருந்து மதிப்பு குறையும், அந்த இழப்பை ஈடுசெய்ய யாரும் இல்லை.

விதை எடுப்பதும் எளிய வேலை அன்று. நிலவேம்பின் காய் நன்றாக உலர்ந்ததும் வெடித்து, விதையைத் தூர எறிந்துவிடும். பழுப்பேறத் தொடங்கிய காய்களை வெயில் ஏறும் முன் பறித்து, நிழலில் துணி விரித்து, மேலே இன்னொரு துணியால் மூடி உலர்த்தினால்தான் விதை கைக்கு வரும். புதிதாக எடுத்த விதைக்குச் சில மாதம் உறக்க நிலையும் உண்டு என்பதால், வாங்கிய உடனே விதைத்துவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று விற்றவரைக் குறை சொல்வோரும் இருக்கிறார்கள். இந்த விவரங்கள் பொட்டலத்தின் மேல் இரண்டு வரியில் அச்சிடக் கூடியவை. ஆனால் 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் தர வரம்புகள் அறிவிக்கை செய்யப்பட்ட பயிர்களுக்கும் இரகங்களுக்குமே பொருந்துவதால், காட்டு மூலிகையின் விதைக்கு முளைப்புத்திறன் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்பார் இல்லை.

விதையே மருந்தாகும் தாவரங்களில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. நடுக்குவாதத்துக்கு ஆங்கில மருத்துவர் கொடுக்கும் மாத்திரையிலும் அதே பொருள்தான் உள்ளது. மாத்திரை சாப்பிடுகிறவர் இந்தப் பொடியையும் தாமாகச் சேர்த்துக்கொண்டால் மருந்தின் அளவு கட்டுமீறிப் போகும். தேற்றான் கொட்டை நீரைத் தெளியவைக்கும், கெடுதல் இல்லாதது. அதே பேரினத்தைச் சேர்ந்த எட்டிக் கொட்டையில் ஸ்ட்ரிக்னைன் என்னும் கொடிய நஞ்சு உண்டு. தேற்றான் கொட்டை உருண்டையாகவும், எட்டிக் கொட்டை பட்டுப்போன்ற மயிர் படர்ந்து சட்டைப் பொத்தானைப்போல் தட்டையாகவும் இருக்கும். மருந்துப் பொருளின் நச்சை நீக்கும் சுத்தி முறையும் அளவும் அறிந்த, பதிவு பெற்ற சித்த மருத்துவரைக் கேட்காமல் இவற்றில் எதையும் யாரும் உட்கொள்ளக் கூடாது.

விதை வேண்டும் என்பதற்காக ஏற்காடு போகிறவர்கள் சாலையோரக் காட்டில் இறங்கிக் கைக்கு அகப்பட்டதைப் பறித்து வருவதையும் நான் ஏற்கவில்லை. காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி எதையும் எடுப்பது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மறுபுறம், சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் காடு சார்ந்து வாழும் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமை அளித்திருக்கிறது. நாகலூர், வாழவந்தி, வெள்ளக்கடை முதலிய ஏற்காட்டு மலை ஊராட்சிகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களில் மூத்தவர்களுக்கு எந்தச் சரிவில் எந்தக் கொடி எப்போது காய்க்கும் என்பது அத்துப்படி. விதை சேகரிப்பு அவர்கள் கையில், உரிய கூலியோடு, இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. இன்று ஒரு கூடை சருகுக்குக் கிடைக்கும் விலையைவிட, பெயரும் இடமும் எழுதப்பட்ட ஒரு கைப்பிடி விதைக்கு அவர்களுக்கு நல்ல விலை கொடுக்கலாம்.

இதற்குப் புதிதாக ஒரு நிறுவனம் தொடங்க வேண்டியதில்லை. மேட்டூர் அணையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் மூலிகைத் தோட்டம் இருக்கிறது. ஏற்காட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், இனம் பிரித்துச் சொல்ல வல்ல இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டமும் உள்ளன. சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இவை கூடிப் பேசி, மலைக் கிராம மகளிர் குழுக்கள் சேகரிக்கும் விதையைச் சரிபார்த்து, தாவரவியல் பெயர், சேகரித்த இடம், மாதம், ஆண்டு, முளைப்புத்திறன் ஆகியவற்றை அச்சிட்ட சிறு பொட்டலங்களாக விற்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் வழிசெய்துள்ளது. எந்தத் தாவரத்தில் எவ்வளவு விதையைக் காட்டிலேயே விட்டுவைக்க வேண்டும் என்பதை அந்தக் குழுவே முடிவு செய்யலாம். விதைக்காகப் பாத்தியை ஒதுக்கும் விவசாயிக்குத் தேசிய மூலிகைத் தாவர வாரியத்தின் நிதியிலிருந்து ஈட்டுத்தொகை பெற்றுத் தர மாவட்ட நிர்வாகம் முயல வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் நிலவேம்பு விதை முற்றும். ஐப்பசி பிறப்பதற்குள் அடிவாரக் கிராமங்களில் சில இடங்களையாவது பிடுங்காமல் விட ஏற்பாடு செய்தால், வரும் ஆனி, ஆடியிலேயே விதைக்கத் தகுந்த விதை மக்கள் கைக்குச் சேரும். சேலம் மாவட்ட ஆட்சியரும் வனத்துறையும் அதற்கான ஆணையை இப்போதே பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
அயோத்தியாப்பட்டணம், சேலம் மாவட்டம்.