கிளஸ்டரை அழித்தாலும் ஓடும் பில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் குபர்நெட்டிஸ் (செயலிகளைப் பல மெஷின்களில் பரப்பி ஓட்டும் மென்பொருள்) பழகும் பிள்ளைகளில் பலர் அப்பாவின் கார்டையோ அண்ணனின் கார்டையோ கொடுத்துத்தான் இணையம் வழியே கணினியை வாடகைக்குத் தரும் கிளவுட் கணக்கு தொடங்குகிறார்கள். அவர்களையும் அவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

அமேசானின் குபர்நெட்டிஸ் சேவையான இ.கே.எஸ்.ஸில் ஒரு கிளஸ்டருக்கு (சேர்ந்து இயங்கும் மெஷின்களின் தொகுப்பு) மணிக்கு 0.10 டாலர். சில்லறைக் காசுபோலத் தெரியும். மறந்துபோய் 30 நாள் விட்டால் 72 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 6,120 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. நோடு எனப்படும், செயலிகளை ஓட்டும் மெஷின்களும் டிஸ்க்கும் தனிக் கணக்கு. பழைய பாடக் குறிப்பைப் பார்த்து, 14 மாத ஆதரவுக் காலம் முடிந்த குபர்நெட்டிஸ் பதிப்பில் கிளஸ்டர் போட்டால் மணிக்கு 0.60 டாலர்.

நோடு மெஷின்களை ‘ஸ்டாப்’ செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவது வழக்கமான தவறு. மெஷின் போய்விட்டது என்று நினைத்து மெஷின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஆட்டோ ஸ்கேலிங் குரூப் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிடும். நோடு குரூப்பின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்க வேண்டும். அப்போதும் அந்த மணிக்கு 0.10 டாலர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இதைவிட முக்கியம், அழிக்கும் வரிசை. லோடு பேலன்சரையும் (வரும் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்புவது) டிஸ்க்கையும் கிளவுடில் கேட்டு வாங்குவது கிளஸ்டரைச் சேர்ந்த கன்ட்ரோலர் நிரல்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியதும் அவைதான். கிளஸ்டரை முதலில் அழித்தால் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. டிஸ்க் அனாதையாக நின்று மாதாமாதம் காசு கேட்கும். லோடு பேலன்சர் மிச்சமிருந்தால் வி.பி.சி.யும் (கிளவுடில் உங்கள் தனி நெட்வொர்க்) அழியாமல், இவற்றையெல்லாம் உருவாக்கி அழிக்கும் கருவியான டெராஃபார்ம் பாதியில் தொங்கும். ஆகவே முதலில் பாட்களை (செயலி ஓடும் அலகுகள்) ஓட்டும் டிப்ளாய்மென்ட், ஸ்டேட்ஃபுல்செட்; பிறகு லோடு பேலன்சர் வகை சர்வீஸ்கள்; பிறகு டிஸ்க் கேட்கும் விண்ணப்பங்களான பி.வி.சி.கள் என்று அழியுங்கள். பாட் ஒன்று பிடித்துக்கொண்டிருந்தால் பி.வி.சி. ‘டெர்மினேட்டிங்’ என்றே நிற்கும், அதனால்தான் இந்த வரிசை. கிடைத்த டிஸ்க்குகளைக் காட்டும் பி.வி. பட்டியல் காலியான பிறகு கிளஸ்டரில் கை வையுங்கள். பி.வி.சி. போனபின் டிஸ்க்கை என்ன செய்வது என்று சொல்லும் ரீக்ளெய்ம் பாலிசி ‘ரீட்டெய்ன்’ (வைத்திரு) என்றிருந்தால் பி.வி.யையும் டிஸ்க்கையும் கையால்தான் அழிக்க வேண்டும்.

பயிற்சிக் கிளஸ்டருக்கு நாட் கேட்வே (தனி நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்குப் போகும் வாசல்) தேவையில்லை. அமெரிக்க வர்ஜீனியா ரீஜனிலேயே (அமேசானின் கணினி மையங்கள் இருக்கும் பகுதி) அதற்கு மணிக்கு 0.045 டாலர், கடந்துபோகும் ஒவ்வொரு ஜி.பி.க்கும் தனியாக அதே தொகை. நோடுகளை இணையத்தோடு நேரே இணைந்த பப்ளிக் சப்நெட்டில் வைத்து, வெளியிலிருந்து வரும் வழியை செக்யூரிட்டி குரூப்பில் அடைத்தால் போதும். பொது ஐ.பி. முகவரிக்கு 2024 பிப்ரவரி முதல் மணிக்கு 0.005 டாலர், இரண்டு நோடு என்றால் கேட்வேயைவிட அது எவ்வளவோ மேல். நோடுகளை, அமேசான் தன் மிச்ச மெஷின்களை மலிவாகத் தரும் ஸ்பாட் முறையில் எடுங்கள். இரண்டு நிமிட முன்னறிவிப்போடு பிடுங்கப்படலாம், டெஸ்டுக்கு அதனால் நஷ்டமில்லை.

பட்ஜெட் அலர்ட்டைப் பலர் தடுப்பணையாக நினைக்கிறார்கள். அது மணி அடிக்கும், செலவை நிறுத்தாது. செலவுக் கணக்கே பல மணி நேரம் தாமதித்துத்தான் வரும். அழிக்கும் நேரத்தைக் கிளஸ்டர் போடும்போதே குறித்து, அதைத் தானாக ஓடவிடுங்கள். டெஸ்ட் தோற்றாலும் அழிக்கும் படி ஓடியே தீரும்படி, டெஸ்டைத் தானாக ஓட்டும் பைப்லைனில் எழுதுங்கள். எதையெல்லாம் உருவாக்கியது என்று டெராஃபார்ம் குறித்துவைக்கும் ஸ்டேட் கோப்பைத் தற்காலிக மெஷினில் வைக்காதீர்கள். அது தொலைந்தால் எதை அழிப்பது என்று டெராஃபார்முக்கே தெரியாது. மறுநாள் பில்லை ரீஜன் வாரியாகப் பாருங்கள். திரையில் மும்பை ரீஜனைத் திறந்து வேலை செய்பவர் கண்ணுக்கு வர்ஜீனியா ரீஜனில் ஓடுவது படாது.

பாட், சர்வீஸ், டிப்ளாய்மென்ட் பழக கிளவுடே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. சொந்தக் கணினியிலேயே குபர்நெட்டிஸ் ஓட்டும் மினிகியூப் கேட்பது இரண்டு சி.பி.யு., 2 ஜி.பி. நினைவகம், 20 ஜி.பி. இடம், சாதாரண மடிக்கணினியிலேயே அது ஓடும். லோடு பேலன்சர், ஐ.ஏ.எம். (யாருக்கு என்ன அனுமதி என்பது) போன்ற கிளவுடுக்கே உரிய பாடம் வரும் அன்று மட்டும் கிளஸ்டர் போட்டு அன்றே அழிக்கலாம்.

பயிற்சி மையங்கள் இந்த அழிப்பு வரிசையை முதல் வகுப்பிலேயே, கணக்கு தொடங்கும் முன்பே, செய்து காட்ட வேண்டும். கொளத்தூர் முதல்வர் படைப்பகம் போன்ற பொது இடங்களில் இதை ஒரு பக்கத் தாளில் தமிழில் அச்சிட்டு ஒட்ட அதிகாரிகள் அனுமதி தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கிளவுட் பொறியாளர்கள் சிலர்,
பெரம்பூர், சென்னை - 11.