எங்கள் நோய்க்கு எங்கள் கலாசாரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள்

மத்திய மாகாண சுகாதார அதிகாரிகளுக்கும் பெருந்தோட்டக் கம்பனிகளை நடத்துவோருக்கும்,

வணக்கம். நான் இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள், இப்போது ஆசிரியை. தோட்டத்தில் சுகாதாரக் கூட்டம் நடந்தால் ஒரு பேச்சு தவறாமல் வரும்: "இந்தச் சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, நோய் முற்றிய பிறகுதான் வருகிறார்கள், அது இவர்களுடைய கலாசாரம்." அந்தப் பேச்சை இனியாவது விடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஏன் பிந்தி வருகிறார்கள்? கிளினிக்குக்குப் போன நாளில் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. கொழுந்து குறைந்தாலே அரைப்பேர் போடும் இடத்தில், நெஞ்சுக்குள் இருப்பது வாயுப் பிடிப்பா வேறு ஏதாவதா என்று தெரியாமல் ஒருத்தி எப்படி ஒரு நாள் சம்பளத்தை விடுவாள்? பஸ் ஓடும் ரோட்டுக்கு இறங்கவே பாதி காலை போய்விடும். ஆட்டோ பிடித்தால் கையில் இருப்பதும் போய்விடும். அவளுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும்.

வெற்றிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை விடச் சொல்வதும் சரிதான். ஆனால் விடிகாலைக் குளிரில், சாயத் தண்ணியும் ஒரு துண்டு ரொட்டியுமாக மலையேறுகிறவளுக்கு மத்தியானம் வரை பசியை அடக்கித் தருவது அந்த மடிப்புத்தான். பசியைத் தொடாமல் பழக்கத்தை மட்டும் கண்டித்தால் யார் கேட்பார்கள்? காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடி நிற்கும்போது ஒரு பல் வைத்தியர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் ஆளுக்குச் சில நிமிடங்கள் போதும். உள்கன்னத்தில் வெள்ளைப் படலம் தெரிகிற கட்டத்திலேயே பிடித்துவிட்டால் எத்தனை பேரைக் காப்பாற்றலாம்! எங்கள் தோட்டத்தில் அப்படி ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை.

எங்களிடமும் மாற வேண்டியவை உண்டு, மறைக்கவில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைத்தான் பெண் சாப்பிடுகிறாள். வெள்ளைப்படுதலையோ கர்ப்பப்பை இறக்கத்தையோ தோட்டத்து டிஸ்பென்சரியில் ஓர் ஆணிடம் சொல்லக் கூச்சப்பட்டு வருடக்கணக்காகச் சகிக்கிறாள். குடியும் அடியும் இருக்கின்றன. இவற்றை நாங்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும், பேசியும் வருகிறோம். ஆனால் எங்கள் கொழுந்து மலைகளில் மலசலகூடம் இல்லாதது எந்தக் கலாசாரம்? ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நிற்கிறார்கள். பிறகு மூத்திரக்கடுப்பு, காய்ச்சல். அதற்கும் "சுத்தம் போதாது" என்று அறிவுரை கேட்கிறார்கள்.

போன வருடம் எங்கள் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஓர் அம்மா மருந்து உறைகளை என்னிடம் கொண்டுவந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த சீனி வருத்தக் (நீரிழிவு) குளிசைகள். உறை மேலே சிங்களத்தில் கிறுக்கலாக ஓர் எழுத்து. காலைக்கும் இரவுக்கும் எழுதியதை அவர் காலையிலேயே சேர்த்து விழுங்கியிருக்கிறார். மலையில் தலை சுற்றி விழுந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டேன் டீச்சர், அந்தப் புள்ள சொன்னது எனக்கு வெளங்கல. திரும்பக் கேட்டா ஏசுவாங்கன்னு வந்துட்டேன்" என்றார். தமிழ் அரச கரும மொழியாகி மூன்று தசாப்தங்களுக்கு மேலாகிறது. சூரியனும் நிலாவும் அச்சடித்த ஓர் உறை போதும், அந்த அம்மா விழுந்திருக்க மாட்டார்.

இந்த நிலை எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கும் தெரியும். 1912ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளியின் வைத்தியத்தைத் தோட்டத்தின் பொறுப்பில் விட்டது. 1948இல் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான எங்கள் சனத்தின் குடியுரிமையும் போனது. நாடெங்கும் இலவச வைத்தியம் வளர்ந்தபோது நாங்கள் தோட்டத்தை நடத்தும் துரையின் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தோம். 2016ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டளவில் சுமார் 17 வீதம், தோட்டங்களில் சுமார் 32 வீதம். ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தைக்கு என்ன அறியாமை இருக்க முடியும்?

கம்பனிகளே, கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைய பேரைப் போடுங்கள். மலையில் மலசலகூடம் கட்டுங்கள். அதிகாரிகளே, தோட்டத்து டிஸ்பென்சரிகளை முழுமையாக அரசாங்கத்தின் கீழ் எடுங்கள். மலையகத்தில் தமிழ் படித்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், தாதியர் பயிற்சிக்கும் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கும் அவர்களை எடுங்கள். முதலில் அந்த மருந்து உறையை மாற்றுங்கள். அதற்குப் பாராளுமன்றம் கூடத் தேவையில்லை, ஓர் அச்சுக்கூடம் போதும்.

இப்படிக்கு,
தோட்டத்து ஆசிரியை ஒருத்தி