பாக்கி கேட்ட ஆட்டக்காரர்களை ஒதுக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள்: செவன்ஸ் அணி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலும் அதையொட்டிய பொள்ளாச்சி, கோவை எல்லையோர ஊர்களிலும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து அணிகளை நடத்திவரும் உரிமையாளர்களுக்கும், மேலாளர்களுக்கும், போட்டிக் கமிட்டியினருக்கும்,

வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பகுதிகளில் இன்று உங்கள் அணிகளுக்காக ஆடும் பையன்களில் பலருக்குத் தமிழ்வழிப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். உங்களில் சிலரும் என்னிடம் படித்தவர்கள்தான். ஆகவே யாருக்கும் எதிராக எழுதுகிறேன் என்று கொள்ள வேண்டாம்.

கடந்த பருவத்தின் இறுதியில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஓர் அணியில் சில ஆட்டங்களுக்கான பணம் பாக்கி நின்றது. அதைத் தீர்த்தால்தான் அரையிறுதியில் இறங்குவோம் என்று அந்த அணியின் உள்ளூர் ஆட்டக்காரர்கள் சொன்னார்கள். வேறு ஆட்களை வைத்து ஆட்டம் நடந்தது, அணி தோற்றது. அதன்பின் நீங்கள் கூடிப் பேசி, அந்தப் பையன்களை வரும் பருவத்தில் எந்த அணியும் எடுக்கக்கூடாது என்றும், இனிமேல் ஓர் அணியோடு முரண்பட்டு விலகுகிறவர் அந்த அணியின் சம்மதக் கடிதம் இல்லாமல் வேறு அணிக்கு ஆடமுடியாது என்றும் முடிவெடுத்திருப்பதாக அறிகிறேன். பாக்கி வைத்தவரைப் பற்றி அந்தக் கூட்டத்தில் முடிவு ஏதும் எடுக்கப்படவில்லை என்பதையும் அறிகிறேன்.

சம்மதக் கடிதம் என்ற இந்த ஏற்பாடு புதியதன்று. இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதைத்தான் வைத்திருந்தன. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைக் கழகம் தன் பட்டியலிலேயே நிறுத்திக்கொள்ளலாம். கழகம் விடுவிக்காமல் அவர் வேறெங்கும் ஆடமுடியாது. 1960-இல் நியூகாஸில் யுனைடெட் அணியின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தபோது, கழகமும் அவரை விடுவிக்க மறுத்தது. நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் சில மாதங்கள் கார்க் விற்கும் வேலைக்குப் போனார். அந்த ஆண்டின் இறுதியில் ஆர்சனல் அணிக்கு மாற அனுமதி கிடைத்த பிறகும் அவர் வழக்கை விடவில்லை. 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை அவ்வாறு தடுத்துவைப்பது தொழில் செய்யும் உரிமையின் மீதான நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். இதற்கிடையே வாரத்திற்கு 20 பவுண்டுக்கு மேல் யாருக்கும் சம்பளம் தரக்கூடாது என்ற உச்சவரம்பும், ஜிம்மி ஹில் தலைமையிலான ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்யப்போவதாக அறிவித்த நிலையில், 1961 ஜனவரியில் நீங்கியது. அத்தோடு கால்பந்து அழிந்துவிடும் என்று அன்று சொன்ன உரிமையாளர்கள் உண்டு. அந்த நாட்டின் கால்பந்து இன்று இருக்கும் நிலையை நம் பையன்களின் சட்டைகளில் அச்சாகியிருக்கும் அணிப் பெயர்களே சொல்லும்.

அமெரிக்க பேஸ்பாலிலும் இதே கட்டு இருந்தது. தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்து கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், 1972-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உரிமையாளர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1975-இல், இரு தரப்புத் தகராறைத் தீர்க்க அமர்த்தப்பட்ட ஒரு நடுவரின் தீர்ப்பினால் அந்தக் கட்டு தளர்ந்தது.

உரிமையாளர்கள் எப்போதும் தோற்றார்கள் என்று சொல்லவரவில்லை. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் 2004-05 பருவம் முழுவதையும், ஆட்டக்காரர்களை ஆடவிடாமல் தாங்களே நடத்திய கதவடைப்பில் உரிமையாளர்கள் இழந்தார்கள். கோப்பையே யாருக்கும் வழங்கப்படவில்லை. ஆயினும் சம்பளத்திற்கு உச்சவரம்பு வேண்டும் என்ற தங்கள் கோரிக்கையை அவர்கள் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் அதையும் ஆட்டக்காரர் சங்கத்தோடு எதிரெதிரே அமர்ந்து, வருவாயில் ஆட்டக்காரர்களுக்கு இத்தனை விழுக்காடு என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் பெற்றார்கள். எதிர்த்தரப்பே இல்லாத கூட்டத்தில் எடுக்கப்பட்ட உங்கள் முடிவுக்கு அந்த மதிப்பு இல்லை.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாததன்று. நீங்கள் கோடீஸ்வரர்கள் அல்லர். அறுவடை முடிந்த வயலை வாடகைக்கு எடுத்து, கேலரி கட்டி, விளக்கும் ஜெனரேட்டரும் பிடித்து, டிக்கெட் வசூலை நம்பி நிற்கிறீர்கள். ஒரு கோடை மழை வந்தால் அன்றைய வசூல் மொத்தமும் போகிறது. ஆனால் அந்த நஷ்டம் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் கேலரிக்குப் பின்னால், ஜெனரேட்டர் அருகில், மேலாளர் கவர்களை எடுத்துக் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு முதலில், நடுவர்களுக்கு அடுத்து, பந்தல்காரருக்கு ஒரு பகுதி. உள்ளூர்ப் பையன்கள் ஈரச் சட்டையோடு பைக்கில் சாய்ந்து நிற்பார்கள். ‘உனக்கு அடுத்த மேட்ச்ல சேர்த்துத் தரேன்டா’ என்ற சொல்லோடு பாதிப்பேர் வீட்டுக்குப் போவார்கள். காலையில் அதே பையன் பெயின்ட் வேலைக்கோ தென்னந்தோப்புக்கோ போக வேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை, பருவம் முழுமைக்கும் அறை, உணவு, ஆட்டப் பணம் என்று முன்கூட்டியே பேசித்தானே வரவழைக்கிறீர்கள்? அவர்களுக்கு அது வேண்டும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். உள்ளூர்ப் பையனிடம் வாய்ச்சொல் போதும் என்று நினைப்பதற்குக் காரணம், அவன் எங்கும் போய்விட மாட்டான் என்ற நம்பிக்கைதான். இப்போது எடுத்திருக்கும் முடிவு அந்த நம்பிக்கையை விதியாக்குகிறது.

அடுத்தது காயம். போன பருவத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்த பையன் ஒருவனை நீங்கள் அறிவீர்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. அன்றிரவு களத்தில் ஐஸ் வைத்துக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பியதோடு அணியின் பொறுப்பு முடிந்தது. கோவையில் எடுத்த ஸ்கேனுக்கும் அறுவைக்கும் அவனுடைய அம்மா நகையை அடகு வைத்தார். ஒரு பிளாஸ்டிக் பையில் அந்த ரசீதுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, இதை யாரிடம் கொடுப்பது சார் என்று அவன் என்னைக் கேட்டான். பதில் சொல்ல என்னால் முடியவில்லை. உங்களில் ஒருவராவது அவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

பாலக்காட்டுக்காரரான தனராஜனை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் போன்ற கொல்கத்தாவின் பெரிய அணிகளுக்கு ஆடியவர், 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். அவர் குடும்பத்திற்கு நிதி திரட்ட அடுத்த மாதமே பாலக்காடு நூரணியில் ஒரு காட்சி ஆட்டம் ஏற்பாடானது. இந்திய அணிக்கு ஆடிய பாய்ச்சுங் பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் வந்திருந்தார்கள், ஆட்டம் தொடங்கும் முன்பே கேலரி சரிந்து பலர் காயமடைந்தார்கள். அந்த ஆட்டத்தை ஏற்பாடு செய்தவர்களின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கொல்கத்தா வரை பேர் எடுத்தவருக்கே நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது என்றால், கொழிஞ்சாம்பாறைக்கு அப்பால் பெயர் தெரியாத பையனுக்கு யார் திரட்டப்போகிறார்கள்?

பெரிய லீக்குகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவம் நிறுத்திவைக்கப்பட்டதும், ஆகஸ்டில் பெங்களூரு அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே காலவரையின்றி நிறுத்தியது. ஆனால் அங்கே ஆட்டக்காரரிடம் ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால், எழுத்தில் கேட்டுப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, அதன்பின் விலகிக்கொள்ள ஃபிஃபா விதி வழி தருகிறது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் செவன்ஸை அங்கீகரிப்பதில்லை என்பதால் நம் பையன்களுக்கு அந்த வழியும் இல்லை. அங்கீகாரம் இல்லாத ஆட்டம் என்பது உங்களுக்கு விதிகளிலிருந்து விடுதலையாக இருக்கலாம். அவர்களுக்கு முறையிட இடமில்லாத நிலை.

ஆகவே நான் கேட்பது இதுதான். சம்மதக் கடிதம் என்ற விதியையும், அந்தப் பையன்களை ஒதுக்கிய முடிவையும் பருவம் தொடங்கும் முன் திரும்பப் பெறுங்கள். நின்றுபோன பாக்கியைத் தீர்க்க ஒரு தேதி சொல்லுங்கள். ஒரே தவணையில் முடியாவிட்டால் இரண்டாகத் தாருங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஆட்டப் பணம் எவ்வளவு, எந்த நாளுக்குள், மழையால் ஆட்டம் நின்றால் எவ்வளவு, காயம்பட்டால் சிகிச்சை யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்தத் தாள் மலையாளத்தில் மட்டும் இருந்தால் போதாது; எங்கள் பக்கத்துப் பையன்களில் பலருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. தான் வாசிக்க முடியாத தாளில் எவனும் கையெழுத்திடக் கூடாது என்று நானே அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். டிக்கெட் வசூலில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, பருவம் தொடங்கும்போதே விபத்துக் காப்பீடு எடுப்பதும் உங்களால் இயலாத செலவன்று. ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் விமானக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி நடக்கும் கூட்டங்களில் ஆட்டக்காரர் தரப்பில் இரண்டு பேரை உட்கார வையுங்கள். யார் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். சங்கம் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கச் சட்டம் அனுமதிக்கிறது, செவன்ஸ் அணிக்கு ஆள் எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. பதிவுக்கான தாள்களை எழுதித்தர நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

முதல் போட்டிக்கான நோட்டீஸ் அச்சாகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசலாம். இடத்தை நீங்களே சொல்லுங்கள். பையன்களை அழைத்துக்கொண்டு நான் வருகிறேன். பதில் வராவிட்டால், ஒதுக்கப்பட்டவர்கள் மட்டுமன்றி மற்ற உள்ளூர் ஆட்டக்காரர்களும் இந்தப் பருவத்திற்கான அட்வான்ஸை வாங்கப்போவதில்லை என்று என்னிடம் தெரிவித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை