நிலாவுக்கு நடுப்பெயர்

பாளையங்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள வாசுகி,

குழந்தை பிறந்து 28 நாள் ஆகிவிட்டது. போனில் ஒரு வாழ்த்துச் சொன்னதோடு சரி, அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை. நீ எவ்வளவு திட்டினாலும் தகும். இங்கே எல்லோரும் சௌக்கியம். சித்திக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிரசவ லேகியம் கிளறி டப்பாவில் அடைத்தாயிற்று, அடுத்த வாரம் பார்சல் கிளம்பும். காலையில் ஒரு நெல்லிக்காய் அளவு போதும். பால்கோவா மாதிரி அள்ளித் தின்றுவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜில், "நிலான்னு வச்சாச்சு, நடுவுல ஏதாவது ஒண்ணு போட்டுடலாம், ரோஸ்னுகூடப் போடலாம்" என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை. ஏதாவது ஒன்றா? இங்கிலாந்துப் பிறப்புப் பதிவில் நடுப்பெயருக்கென்று தனிக் கட்டம் கிடையாதடி. இட்ட பெயர்கள் ஒரு பக்கம், குடும்பப் பெயர் ஒரு பக்கம், அவ்வளவுதான். நீ இரண்டாவதாக எழுதுவதும் அவளுக்கு முழுப் பெயர்தான். பாஸ்போர்ட்டிலும் அப்படியே வரும். விமான டிக்கெட்டில் பல நேரம் இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டியே அடிப்பார்கள். "நிலாரோஸ்" என்று ஒட்டிப் படித்துப் பார்.

முதலில் ஓசை. நாம் பத்தாம் வகுப்பில் அசை பிரித்தோமே, அது இங்கே அப்படியே உதவும். "நிலா" குறிலும் நெடிலும் சேர்ந்த ஒரே நிரையசை. வாய்பாட்டில் "மலர்". எழுத்து இரண்டு, அசை ஒன்று. கடைசியில் நிற்கும் "திருமாறன்" திரு, மா, றன் என்று மூன்று அசை, வாய்பாட்டில் "புளிமாங்காய்". ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே இரண்டசைப் பெயர் வந்தால் படிக்கட்டு மாதிரி ஏறும். ரோஸ், மே, ஜோ என்று இன்னொரு ஓரசைப் பெயரைப் போட்டால் இரண்டு கூழாங்கல்லுக்குப் பக்கத்தில் அம்மிக்கல்லைப் போட்டது போல இருக்கும். "தமிழ்ச்செல்வி" அழகான பெயர்தான், ஆனால் அதுவும் புளிமாங்காய். திருமாறனோடு ஒரே எடையில் நின்று நிலாவை நசுக்கிவிடும்.

இரண்டாவது, பெயர்கள் ஒட்டுகிற இடம். நிலா ஆகாரத்தில் முடிகிறது. உயிரெழுத்தில் தொடங்கும் பெயர் பின்னால் வந்தால் நாக்கு தானாகவே ஒரு வகரத்தைப் போட்டுக்கொள்ளும். நிலா ஆதிரை "நிலாவாதிரை" ஆகிவிடும், முதல் பெயர் எங்கே முடிந்தது என்றே தெரியாது. ஆகவே மெய்யில் தொடங்கும் பெயர்தான் வேண்டும். ஆகாரத்தில் முடியவும் கூடாது. நிலா மீரா, நிலா மாலா என்றால் இரட்டைப் பிள்ளைகளை வரிசையாகக் கூப்பிடுவது போலக் கேட்கும். மங்கை, செல்வி மாதிரிப் பெயர்கள் நிலாவோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். பொருளும் பார்க்க வேண்டும். நிலா என்றதும் நம் வாயில் அடுத்து வருவது சோறு, முற்றம், காலம். அந்த வரிசையில் சேர்கிற எதுவும் வேண்டாம்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான பேச்சு. உன் அம்மா பெயரை வைக்க உனக்கு ஆசை இருப்பது தெரியும். ஆனால் நிலா இந்திராணி திருமாறன் என்பதன் முதல் எழுத்துகளை ஆங்கிலத்தில் எழுது. என், ஐ, டி. சேர்த்துப் படித்தால் "நிட்". அங்கே அதற்குப் பொருள் ஈர், பேன் முட்டை. பள்ளிக்கூடத்தில் பைக்கும் கோட்டுக்கும் முதலெழுத்துகளைக் குறித்து அனுப்புவாய். ஆறு வயதுப் பிள்ளைகள் மூன்று எழுத்தைக் கூட்டிப் படிக்க ஒரு நிமிஷம் ஆகாது. 'யூ'வில் தொடங்கும் பெயர் வைத்தால் "நட்", அதாவது கிறுக்கு. அம்மா வருத்தப்பட்டால் இதை அப்படியே விளக்கிச் சொல், அவர்கள் புரிந்துகொள்வார்கள். தொட்டிலில் போட்டுக் காதில் பெயர் சொல்லும்போது இந்திராணி என்றும் சொல்லுங்கள். அடுத்தது பிறந்தால் அந்தப் பெயர் காத்திருக்கட்டும்.

எனக்குச் சரி என்று படுவது ஒரே பெயர்தான். மரகதம்.

அத்தை, அதுதான் உன் மாமியார், போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. ரேஷன் கார்டில் மரகதவல்லி என்று இருந்தாலும் ஊரே மரகதம் என்றுதான் கூப்பிட்டது. மரகதவல்லி நான்கு அசை, நீளம். மரகதம் மர, கதம் என்று இரண்டே அசை. நிலா மரகதம் திருமாறன். வாய்விட்டுச் சொல்லிப் பார். நிலா, மர, கதம், திரு என்று நான்கு நிரை குதித்தோடி வந்து, மா, றன் என்ற இரண்டு நேரசையில் நிற்கிறது. வேகமாகச் சொன்னாலும் "மரகதந்திருமாறன்" என்று மகரம் நகரமாகித் தகரத்தோடு இழையும், எங்கேயும் இடறாது. முதலெழுத்துகள் என், எம், டி. எந்தச் சொல்லும் ஆகவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், அழாமல் படி. குடும்பப் பெயராக வருவது மாமா பெயர். நடுப்பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டும் சேர்த்துப் படி: மரகதம் திருமாறன். அத்தையின் பெயர் அப்படியே நிற்கிறது.

பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி, பாட்டியின் பெயரை ஏற்றவள். ஆனால் நம் வீடுகளில் மாமியார் பெயரை முதல் பெயராக வைத்துவிட்டு மருமகள்கள் பட்ட பாடு உனக்கே தெரியும். "ஏய் மரகதம், இங்க வா" என்று பிள்ளையை அதட்ட முடியுமா? அதனால்தான் கூப்பிட வேறொரு பெயர் வைத்தார்கள். நடுப்பெயர் அந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. பதிவில் இருக்கும், வாயில் வராது.

ஸ்பெல்லிங்கில் கவனம். நிலாவுக்கு 'ஐ' ஒன்றே போதும். இரண்டு 'ஈ' போட்டால் நீலா ஆகிவிடும். சிலர் நைலா என்று படிக்கத்தான் செய்வார்கள், ஒரு தடவை திருத்தினால் பழகிவிடும். பெரியப்பா கூட்டு எண் பார்த்துக் கடைசியில் இன்னொரு 'ஏ' கேட்பார், கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். போடுவதானால் பதிவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். மரகதத்துக்கு நடுவில் 'ஜி' போடு. 'கே' போட்டால் மரக்கதம் என்று இடிக்கும். தகரத்துக்கு 'டி'யோடு 'எச்' கட்டாயம், இல்லாவிட்டால் மரகடம். இந்தப் பெயரில் ழகரம் இல்லாதது பெரிய நிம்மதி. கயல்விழி, தேன்மொழி என்று வைத்தால் 'இசட்', 'எச்' போட்டுவிட்டு ஆயுசுக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பெயருக்கும் நடுவே சிறுகோடு போடாதே, போட்டால் இரண்டும் ஒரே பெயராகிவிடும். நீளத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். பாஸ்போர்ட்டின் அடியில் கணினி படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம். திருமாறனுக்கு 10, பிரிக்கும் குறி 2, நிலாவுக்கு 4, இன்னொரு குறி, மரகதத்துக்கு 10, ஆக 27.

பதிவுக்கு 42 நாள்தான் கெடு, மீதி 14. நீங்கள் மணமானவர்கள், அண்ணன் ஒருவர் போனாலே போதும். ஆனால் நம் கல்யாணப் பத்திரிகையில் அவர் செய்த காரியத்தை மறந்துவிடாதே. மூன்று பெயரையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பு. கையெழுத்துக்கு முன் பதிவாளர் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்வார். அப்போது எழுத்தெழுத்தாக, கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கிப் படிக்கச் சொல். நேராகப் படித்தால் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். இட்ட பெயரை மாற்ற 12 மாதம் வரை வழி உண்டு, ஆனால் ஒரே ஒரு தடவைதான், பழைய பெயரும் பதிவில் அப்படியே நிற்கும். பின்னால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) எடுக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் கேட்பார்கள், ஒரு எழுத்து பிசகினாலும் அலைச்சல்.

இன்று ராத்திரி பால் கொடுக்கும்போது முழுப் பெயரையும் அவள் காதில் ஒரு தரம் மெதுவாகச் சொல். அப்புறம் சமையலறையில் நின்று மாடிக்குக் கேட்கிற மாதிரி அண்ணனை உரக்கக் கூப்பிடச் சொல். இரண்டும் நன்றாக இருந்தால் எனக்கு ஒரு வரி அனுப்பு. வெள்ளிக் கிண்ணத்தில் பெயர் வெட்ட ஆசாரி காத்திருக்கிறார். எந்த ஸ்பெல்லிங் என்பதையும் அதிலேயே எழுது.

அன்புடன்,
கோமு